இரண்டு உடல், ஒரு பாய்: எங்கள் வாவிக்குப் பழக்கமான ஒரு குடும்பப் படகு

மட்டக்களப்பில் யாராவது "குடும்பத்தோட தோணி ஏறினோம்" என்று கதையைத் தொடங்கினால், கேட்டுக்கொண்டிருப்பவர் "எந்த வருசம்?" என்றுதான் திருப்பிக் கேட்பார். 1990 ஆக இருக்கலாம், 1991 ஆக இருக்கலாம், 2007 ஆகவும் இருக்கலாம். சுனாமிக்குப் பிந்திய நாட்களாகவும் இருக்கலாம். உறவினர் ஒருவர் அவுஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ புறப்பட்ட இரவைப் பற்றியும் அவர் பேசக்கூடும். 2010 ஆகஸ்டில் 492 தமிழர்களோடு கனடாவைச் சென்றடைந்த சன் சீ கப்பலை நாங்கள் யாரும் மறக்கவில்லை. எங்களுக்குப் படகு என்றால் தொழில், அல்லது துறை கடப்பது, அல்லது தப்பிப் போவது. பிள்ளைகளையும் சமையல் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு, காற்றை நம்பி, ஓர் அவசரமும் இல்லாமல் நாலு நாள் தண்ணீரில் சுற்றிவருவதற்கென்றே உலகில் படகுகள் செய்யப்படுகின்றன என்பது எங்கள் பேச்சில் வருவதே இல்லை.

அப்படி ஒரு படகை நான் திருகோணமலையில் பார்த்தேன். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் அங்கே வந்து நங்கூரமிடுவது வழக்கம். பெரிய வெள்ளைப் படகுகளுக்கு நடுவே இது மட்டும் சிறியதாக, கொஞ்சம் பரதேசிக் கோலத்தில் நின்றது. ஒடுங்கிய இரண்டு உடல்கள், குறுக்கே மரங்கள், மேலே பலகைத் தட்டு. தட்டில் இரண்டு பிள்ளைகள் துணி காயவைத்துக்கொண்டிருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் என் கண் நின்றது. குறுக்கு மரங்களை உடல்களோடு பிணைத்திருந்தது கயிறு. ஆணியோ போல்ட்டோ அந்த இடத்தில் இல்லை. இது ஜேம்ஸ் வொரம் வரைந்த படகு என்றார்கள். அதற்குப் பிறகு அவருடைய சிறிய படகுகளின் வரைபடங்களைத் தேடி எடுத்து வாசித்தேன். வாசிக்க வாசிக்க, வாவிக்கரையில் வளர்ந்த எனக்கு அதில் புதியதை விடத் தெரிந்ததே அதிகமாக இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வொரம் 1928 இல் பிறந்த ஆங்கிலேயர், மன்செஸ்டர் பக்கத்து ஆள். பசிபிக் தீவு மக்கள் இரட்டைத் தோணிகளில் பெருங்கடல் கடந்தார்கள் என்பதைப் பல அறிஞர்கள் நம்பாத காலத்தில், அதைச் செய்தே காட்டுவேன் என்று கிளம்பியவர். 1930களின் இறுதியில் ஹவாயிலிருந்து பிரான்ஸ் வரை இரட்டை உடல் படகில் வந்த எரிக் து பிஷோப்பின் பயணம் அவருக்கு முன்மாதிரி. கையில் காசு இல்லை. மலிவான மரத்தில் 23 அடி 6 அங்குல நீளத்தில் ஒரு படகைத் தானே கட்டி, இரண்டு ஜெர்மன் பெண்களோடு 1950களின் நடுப்பகுதியில் அத்திலாந்திக்கைக் கடந்து ட்ரினிடாட் சேர்ந்தார். அங்கே அவர்களுக்கு ஒரு குழந்தையும் பிறந்தது. பின்பு 40 அடியில் இன்னொன்று கட்டி, 1959 இல் வட அத்திலாந்திக்கை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்தார். அதன் பிறகு 2021 இல் இறக்கும்வரை அவருடைய வேலை, சாதாரண ஆட்கள் வீட்டு முற்றத்தில் தாங்களே கட்டக்கூடிய படகுகளை வரைந்து விற்பது. ஹனகே பூன் என்ற பெண்மணி பல ஆண்டுகள் அவரோடு சேர்ந்து வரைந்தார். 1980களின் தொடக்கத்தில் வந்த 'டீக்கி' வரிசையில் மிகச் சிறியவற்றில் ஒன்று 21 அடி. ரோரி மெக்டூகல் என்பவர் அந்த 21 அடிப் படகில் 1991 இல் புறப்பட்டு 1997 இல் உலகையே சுற்றி முடித்தார்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. இவ்வகைப் படகை உலகம் 'கட்டமரான்' என்கிறது. நம்முடைய கட்டுமரம்தான் அது. ஆனால் சொல் மட்டும்தான் நம்முடையது. கட்டுமரம் என்பது சீவிய மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அதற்கு உள்ளிடம் கிடையாது, அலை மேலால் ஏறி இறங்கிப் போகும். சோழமண்டலக் கரையில் அதைப் பார்த்த வில்லியம் டாம்பியர் 1697 இல் வெளிவந்த தன் பயண நூலில் அந்தச் சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். பிற்பாடு அமெரிக்காவில் நத்தானியல் ஹெரஷோஃப் 1876 இல் இரட்டை உடல் பந்தயப் படகு ஒன்றைக் கட்டினார். அந்த வகைப் படகுகளின் மேல் நம் சொல் ஒட்டிக்கொண்டது. படகின் வடிவமோ பசிபிக் தீவுகளுடையது. இதைத் தமிழன் கண்டுபிடிப்பு என்று முகநூலில் போடுகிறவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

சொல்லை விட நெருக்கமான உறவு ஒன்று எங்களிடம் உண்டு. மட்டக்களப்பில் துறை கடக்கும் மிதவையை 'பாதை' என்போம். மண்முனைப் பாதை, அம்பிளாந்துறைப் பாதை, குருமண்வெளிப் பாதை. அடியில் மிதக்கும் உடல்கள், மேலே ஒரு தட்டு, தட்டில் ஆட்கள், சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஆடு, நெல்மூட்டை. யாரும் பயந்து உட்கார்ந்திருப்பதில்லை. நின்றுகொண்டு கதைத்தபடி போவார்கள். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை படுவான்கரைக்குப் போகிற வழிகளில் பாதையும் ஒன்றாக இருந்தது. வேறு சில துறைகளில் பாதைதான் நீண்ட காலம் வழியாக இருந்தது. இரட்டை உடல் படகு ஏன் கவிழாது என்று விளக்க ஐரோப்பியப் பொறியியலாளர் தேவையில்லை, பாதையில் ஒருதரம் போனவருக்கு அது காலுக்கே தெரியும்.

அதற்கு எதிர்மாறு தோணி. 2007 மார்ச்சில் படுவான்கரையில் ஷெல் விழத் தொடங்கியபோது எங்கள் குடும்பம் வாவியைக் கடந்தது ஒரு தோணியில்தான். நாங்கள் ஒன்பது பேர், இரண்டு மூட்டை, ஒரு தண்ணீர்க் குடம். தோணிக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்று: அசையாதீங்க. என் தங்கைக்குக் கால் மரத்துப்போய் அழுதாள், ஆனாலும் காலை மாற்றவில்லை. தோணியின் அகலம் ஒரு பாயின் அகலமும் இல்லை. ஓராள் எழுந்து நின்றால் எடை ஒரு பக்கம் சரியும், அந்தப் பக்கத்து விளிம்பு நீருக்குள் போகும். பக்கத்தில் மிதவைக் கட்டை பூட்டிய தோணியென்றால் நிலைமை வேறு. கட்டை இல்லாத தோணியில் ஆட்களின் ஒழுக்கம்தான் சமநிலை.

குடும்பப் படகு வரைகிறவருக்கு முதல் கேள்வி இதுதான். பிள்ளைகளை "அசையாதே" என்று வைத்திருக்க முடியாது. இதற்கு உலகில் பெரிதாக இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, படகின் அடியில் ஈயமோ இரும்போ வைத்த கனமான ஏரா. ஒற்றை உடல் பாய்ப்படகுகளில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இந்தப் பாரம் இருப்பது சாதாரணம். தஞ்சாவூர் பொம்மையைப் போல, காற்று சாய்த்தாலும் திரும்ப எழும்பும். ஆனால் ஓடும் நேரமெல்லாம் சாய்ந்தே ஓடும். தேநீர்ச் சட்டியையும் சாய்த்துப் பிடிக்க வேண்டும். மற்ற விடை அகலம். இரண்டு உடல்களைத் தள்ளி வைத்துவிட்டால் பாரமே வேண்டாம். 21 அடி டீக்கியின் அகலம் ஏறத்தாழ 3.6 மீற்றர், வெறும் படகின் எடை சுமார் 350 கிலோ. ஆறேழு பெரியவர்களின் எடைக்கு மேல் இல்லை.

இந்த இரண்டாவது விடைக்கு விலை உண்டு. ஏரா உள்ள படகு கவிழ்ந்தாலும் நிமிரும். இரட்டை உடல் படகு ஒருதரம் தலைகீழானால் அப்படியே கிடக்கும். மூழ்காது, ஆனால் நிமிராது. ஆகவே பாயைச் சிறிதாக்க வேண்டிய நேரத்தில் சிறிதாக்கத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று எங்கள் பழக்கத்துக்கு நேரே எதிரானது: இந்தப் படகில் சுமை கூட்டக் கூடாது. ஒடுங்கிய உடல் சுமையேறினால் சட்டென்று தாழும், தட்டின் அடியில் அலை அடிக்கத் தொடங்கும். மாமி, மாமியின் தங்கை, அவளுடைய பிள்ளைகள், வழியில் கை காட்டியவர் என்று ஏற்றிக்கொண்டு போகிற பாதை அல்ல இது. 21 அடியில் படுக்க இரண்டு பேருக்குத்தான் இடம். 26 அடியில் நாலு பேர்.

அடுத்தது ஆழம். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை கிடக்கிறது. இவ்வளவு நீளத்திலும் பெரும்பகுதி ஓராள் உயரம்கூட ஆழமில்லை. கரையோரம் கண்டலும் சேறும், நடுவில் கட்டுவலைக் கம்புகள். ஏரா வைத்த 30 அடி ஐரோப்பியப் படகு ஒன்றுக்கு ஒன்றரை மீற்றர் தண்ணீராவது வேண்டும், நெஞ்சளவு. அது இங்கே வந்தால் நூறு யார் போக முன் சேற்றில் நட்டுக்கொண்டு நிற்கும். 21 அடி டீக்கிக்குத் தேவையான தண்ணீர் 35 சென்ரிமீற்றர். முழங்காலுக்குக் கீழே. கரையில் நேரே ஏறி இருக்கும், இரண்டு உடலும் தரையில் பட நிமிர்ந்தே இருக்கும். சுக்கானும் உடலின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்காது. அதையும் வொரம் இரும்புப் பிணைச்சல் வைக்காமல் எட்டு வடிவத்தில் சுற்றிய கயிற்றால்தான் தொங்கவிட்டார்.

பாய்ப்படகைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர் உடனே ஒரு கேள்வி கேட்பார். காற்று பக்கத்திலிருந்து அடித்தால், அடியில் ஒன்றும் இல்லாத படகு பக்கவாட்டில் இழுபட்டுப் போகாதா? போகும். அதைத் தடுக்கத்தான் ஏராவும், நடுவில் இறக்கி ஏற்றும் பலகையும். இறக்கும் பலகைக்குப் படகின் அடியில் ஒரு பிளவு விட வேண்டும். எங்கள் வாவியில் அந்தப் பிளவுக்குள் சேறும் சாதாளையும் பழைய நைலோன் வலைத் துண்டும் அடைத்துக்கொள்ள ஒரு வாரம் போதும். வொரம் வேறு வழி எடுத்தார். உடல்களின் வெட்டுமுகத்தை ஆங்கில வி எழுத்தைப் போல ஆழமாக, கூராக வைத்தார். உடலே கத்தியைப் போல நீரைப் பிடித்துக்கொள்ளும். முழுதாகப் பிடிக்காது. எதிர்க்காற்றில் ஏறுவதில் இந்தப் படகு மந்தம், திசை மாற்றித் திருப்பும்போது சோம்பல் காட்டும். இதை அவருடைய ரசிகர்கள் மெல்ல விழுங்கிவிடுவார்கள். பந்தயம் ஓட நினைப்பவர் வேறு படகு பார்க்க வேண்டும்.

ஆனால் வாவிக்கு இது எவ்வளவு பெரிய குறை? வாவி வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கிடக்கிறது. வைகாசிக்குப் பிறகு மாதக்கணக்கில் அடிக்கும் கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிறது. அதாவது வாவி நெடுகப் போகும்போதும் விலாவில் காற்று, திரும்பி வரும்போதும் விலாவில் காற்று. பாய்ப்படகுக்கு இதைவிட இலகுவான ஓட்டம் கிடையாது. எதிர்க்காற்றில் ஏறத் தேவையே பெரும்பாலும் வராது.

கட்டுமானத்துக்கு வருவோம். டீக்கியின் உடலுக்கு உள்ளே தோணியைப் போலக் குடைவதோ வள்ளத்தைப் போல விலாச் சட்டங்களை நெருக்கமாக அடுக்குவதோ இல்லை. பிளைவுட் தகடுகளை வரைபடப்படி வெட்டி, விளிம்பில் சிறு துளைகள் போட்டு, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைப்பார்கள். தைத்ததும் தகடுகள் தாமாகவே வளைந்து படகு வடிவத்துக்கு வரும். பிறகு உட்பக்க மூலைகளில் எபொக்சிப் பசையைக் குழைத்துப் பூசி, கண்ணாடி இழைத் துணி ஒட்டினால் தையலின் வேலை முடிந்தது. இந்தத் தீவின் கரைகளிலும் எதிர்க்கரையிலும் பலகைகளைத் தும்புக் கயிற்றால் தைத்துப் படகு செய்த வழக்கம் மிகப் பழையது. அங்கே தையல் கடைசிவரை படகைத் தாங்கும், இங்கே பசை காயும்வரை தாங்கும். வித்தியாசம் அவ்வளவே.

குறுக்கு மரக் கயிறுகளுக்கும் இதே கதைதான். இரண்டு உடல்கள் அலையில் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி ஏறி இறங்குவதில்லை. அவற்றை போல்ட்டால் இறுக்கிவிட்டால் முறுக்கு முழுவதும் அந்த ஓட்டையில் போய்ச் சேரும், மரம் அங்கேதான் வெடிக்கும். கயிற்றுக் கட்டு சற்றே விட்டுக்கொடுத்து முறுக்கைப் பரப்பிவிடும். நீர்கொழும்பில் இன்றும் பாய் விரித்து ஓடும் ஒருவாக்களில் பக்கமிதவையைக் கயிற்றால் கட்டுவதும் இதற்காகத்தான். கயிறு தேய்ந்தால் தெரியும், கத்தியால் வெட்டி வேறு கட்டலாம். போல்ட் உள்ளே துருப்பிடிப்பது வெளியே தெரியாது.

பாயைப் பற்றி ஒரு விசயம் சொல்ல வேண்டும், பிள்ளைகள் உள்ள படகுக்கு அது முக்கியம். வழக்கமான பாய்ப்படகுகளில் பாயின் அடிவிளிம்பில் ஒரு நீளமான கழி இருக்கும். காற்று பக்கம் மாறும்போது அது தட்டின் குறுக்கே வீசி வரும். தலையில் பட்டால் காயம் சின்னதாக இராது. டீக்கியின் பாயில் அந்தக் கழியே இல்லை. பாய் உறையைப் போலப் பாய்மரத்தைச் சுற்றிப் போர்த்திக்கொள்கிறது, உச்சியில் மட்டும் குட்டையான ஒரு கழி. பாய்மரமும் உயரம் குறைந்தது. முன்கயிற்றைத் தளர்த்தி அதைச் சாய்த்துவிடலாம். எங்களுக்கு இது ஆடம்பரமல்ல. மண்முனை, பட்டிருப்பு, கல்லடி என்று வாவியின் மேலே பாலங்கள் இருக்கின்றன. 1924 இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தின் கீழோ 2013 இல் திறந்த புதியதன் கீழோ பாய்மரத்தை நிமிர்த்தியபடி போக முடியாது.

உள்ளே வாழ்வது எப்படி? ஒவ்வோர் உடலுக்குள்ளும் ஒரு சவப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய படுக்கை இடம். நிமிர்ந்து நிற்க முடியாது. சமையல், சாப்பாடு, கதை எல்லாம் நடுத்தட்டில், மழை என்றால் தட்டின் மேல் கூடாரத் துணி. விளம்பரப் படங்களில் வரும் கட்டமரான்களின் மாளிகை வசதியை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். முகாமில் தறப்பாளுக்குக் கீழே இரண்டு வருடம் இருந்தவர்களுக்கு, கூடாரத்தில் படுத்துச் சுற்றுவது உல்லாசம் என்று சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அடுத்த தலைமுறைக்கு அந்தக் கூச்சம் இருக்க வேண்டியதில்லை.

ஏன் இதையெல்லாம் இப்போது எழுதுகிறேன் என்றால், 2022 ஓகஸ்டை நினைத்துத்தான். ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. அதற்கு முன் பல மாதம் காசு கொடுத்தாலும் கிடைக்கவில்லை. வெளியிணைப்பு இயந்திரங்கள் கரையில் கிடந்தன. வாவிக்கு மேலே கச்சான் அடித்துக்கொண்டிருந்தது, அதைப் பிடிக்க ஒரு பாய் இருக்கவில்லை. யுத்த காலத்தில் கடலுக்குப் போகவும் இரவில் வலை போடவும் தடை, பாஸ் நடைமுறை, இயந்திர வலுவுக்குக் கட்டுப்பாடு. பிறகு சுனாமி. அதற்குப் பிறகு நிறுவனங்கள் போட்டி போட்டு இறக்கிய பைபர் படகுகள், தேவைக்கு மேலேயே வந்தன, எல்லாம் இயந்திரத்துக்கென்று செய்தவை. இவற்றுக்கு நடுவில் பாய் கட்டத் தெரிந்தவர்கள் வயதாகிப் போனார்கள்.

தமிழருக்குப் பாய் புதிதல்ல. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி அம்மாளை அமெரிக்கர் வில்லியம் ரொபின்சன் வாங்கினார். அது வல்வெட்டித்துறை மாலுமிகளோடு பாய் விரித்துப் போய் 1938 ஓகஸ்டில் மசச்சூசெட்ஸின் குளொஸ்டர் துறையைச் சேர்ந்தது. அந்த ரொபின்சன் அதற்கு முன் 1928 முதல் 1931 வரை வெறும் 32 அடிப் படகொன்றில் உலகைச் சுற்றியவர். சின்னப் படகில் கடல் பழகியவருக்கு எங்கள் ஆட்களின் கைவேலை புரிந்திருக்கிறது.

இன்று வாவிக்கரையில் ஒருவர் 21 அடிப் படகு கட்ட நினைத்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது? பைபர் வேலை தெரிந்த கைகள் தாராளமாக இருக்கின்றன, சுனாமியின் மிச்சமாகவாவது. தச்சர்கள் இருக்கிறார்கள். கயிறு வாழைச்சேனைத் துறைமுகக் கடைகளிலேயே கிடைக்கும். சிக்கல் பிளைவுட். தளபாடக் கடைத் தகடு தண்ணீரில் ஒரு மாரிக்குள் பிரிந்துவிடும். கடலுக்குரிய தகடு இறக்குமதி, விலை கூட. எபொக்சியும் அப்படித்தான். ஆகவே இது ஏழைக் குடும்பத்தின் படகு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பாடசாலையோ கடற்றொழிலாளர் சங்கமோ சேர்ந்து ஒன்று கட்டலாம். புலம்பெயர்ந்தவர்கள் கோயில் கோபுரத்துக்கு அனுப்புவதில் ஒரு சிறு பங்கு போதும்.

கட்டினால் முதலில் வாவிக்குள்தான் ஓட்ட வேண்டும், வாடைக்காற்று மாதங்களில் அல்ல, உயிர்காப்பு அங்கி போடாத ஒருவரையும் ஏற்றாமல். கடலுக்குப் போகும் ஆசை பிறகு வரும். பாலமீன்மடு முகத்துவாரம் மழைக் காலம் முடிந்து சில மாதங்களில் மணலால் மூடிக்கொள்ளும், அப்போது வாவிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு மணல்திட்டுத்தான். இயந்திரப் படகுக்காரர் முகத்துவாரம் வெட்டும்வரை காத்திருப்பார். இந்தப் படகுக்காரர் கயிறுகளை அவிழ்த்து, குறுக்கு மரங்களைக் கழற்றி, ஓர் உடலுக்கு ஐந்தாறு பேர் கை கொடுத்தால் திட்டுக்கு மேலால் தூக்கிக்கொண்டு போய் மறுபக்கத்தில் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.